வலிக்கும் என்று சொன்னவர்

அண்ணாச்சி யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். தோளுக்குச் சற்றுக் கீழே, ஊசி போடுகிற இடத்தைத்தான் பார்ப்பார். கண் அங்கே போய் ஒரு தடவை எடை போட்டுவிட்டுத்தான் மேலே ஏறி முகத்துக்கு வரும். எங்கள் ஆஸ்பத்திரி கேஷியர் வீட்டுக் கல்யாணத்தில், மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசப் போனவர், "நல்ல சதைப்பிடிப்பு. ஊசிக்கு வாகான கை" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். மாப்பிள்ளை வீட்டார் மிரண்டு போய், இவர் யார், எதற்கு இப்படிச் சொல்லுகிறார் என்று பந்தியில் என்னிடம் விசாரித்தார்கள். வாழ்த்துகிறார் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையும் அதுதான்.

இராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், எண்பதுகளின் கடைசியில், நான் லேப் டெக்னீசியனாக வேலைக்குச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். தினமும் பஸ்ஸில்தான் போக்குவரத்து. அண்ணாச்சி தேவதானத்துக்காரர். பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்துவிட்டு, பென்ஷனோடு வந்து, எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைக்குப் பொறுப்பாக இருந்தார். பெரிய டாக்டரிலிருந்து வாசல் பூக்காரம்மா வரை எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

ஊசி போடுகிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்லுகிற ஒரு சொல் உண்டு. 'வலிக்காது.' அதை அண்ணாச்சி வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அம்மா இடுப்பில் உட்கார்ந்து திமிறுகிற பிள்ளையிடம் குனிந்து, "வலிக்கும்லே. செத்த நேரந்தான். அழணும்னா அழுதுக்க" என்பார். தாய்மாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"என்னண்ணாச்சி, பிள்ளையப் போயி பயங்காட்டுதீக!"

"நீ வலிக்காதுன்னு சொல்லுவ. நான் குத்துவேன். அதுக்கு வலிக்கும். பொறவு நாளைக்கு நீ எதச் சொன்னாலும் அது நம்புமா, தாயி?"

பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். அழும், ஆனால் கொஞ்சம் கம்மியாகத்தான் அழும். அவர் ஊசி மருந்தை எடுத்ததும் உடனே போட்டுவிட மாட்டார். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே பேசுவார். சில்லென்ற மருந்து உள்ளே போனால் கூடுதலாக வலிக்குமாம். அந்த உருட்டலை நாங்கள் எல்லாரும் ரசித்தோம். சப்பாத்திக்கு மாவு உருட்டுகிற மாதிரி அம்புட்டுப் பொறுமையாக இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே லேப் வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"லேப் பாப்பா, டி.டி. ஊசி போட்டிருக்கியா?"

"சின்ன வயசுல போட்டுருப்பாக."

"போட்டுருப்பாக கதையெல்லாம் வேண்டாம். வா. வலிக்கும்."

வலித்தது. கை வீங்கி, சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல், வன்னியம்பட்டி விலக்கு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வலிக்கும் என்று சொன்ன மனிதரை எம்புட்டு நேரம்தான் திட்ட முடியும்? பாதி வழியிலேயே சலித்துப் போய்விட்டது.

எனக்கு முன்னால் அந்த லேப்பில் இருந்தவர் காமாலையில் செத்துப் போனவர். அப்போதெல்லாம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சித்தான் எடுப்போம். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சினால் வாய்க்குள் வந்துவிடும். துப்பிவிட்டு, கொப்பளித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்ப்போம். அவரும் அப்படித்தான் செய்திருக்கிறார். கண் மஞ்சளாகி, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, பத்தியம் இருந்து, வயிறு வீங்கிப் போய்விட்டார். சின்ன வயசு, கல்யாணம்கூட ஆகவில்லை. அண்ணாச்சி இதை என்னிடம் கதையாகச் சொன்னது கிடையாது. லேப்பைத் தாண்டிப் போகும்போது என் வாயில் குழாய் இருந்தால், உள்ளே வந்து பிடுங்கிக் கீழே வைத்துவிட்டுப் போவார். கடைசியில் மதுரைக்குப் போன யாரிடமோ சொல்லி, உறிஞ்சுவதற்கு ஒரு ரப்பர் குமிழ் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். வைத்ததும் அவர் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

அதனால், ரத்தத்தில் பரவுகிற அந்தக் காமாலைக்குத் தடுப்பூசி வந்திருக்கிறது என்று தொண்ணூறுகளின் நடுவில் கேள்விப்பட்டதும், மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வருகிற நோயாளிகளுக்கு அல்ல, நம் ஆட்களுக்கு முதலில் போட வேண்டும் என்று பெரிய டாக்டரை அரித்தெடுத்துவிட்டார். டாக்டர் தாங்க முடியாமல் வாங்கிக் கொடுத்தார். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றும் போட்டால்தான் கணக்கு. வாங்கிக் கொடுத்த டாக்டரே ஊசி என்றதும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணாச்சி வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். "வலிக்கும் டாக்டர், இல்லங்கல. வெளிய வாங்க" என்று அவர் சொன்னதும், வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லாரும் சிரித்தார்கள்.

மற்றவர்களிடம் இருந்த சாக்குகளை எழுதினால் இடம் கொள்ளாது. எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை ரத்தம் பார்க்கக் கூடாது, எனக்கு ஏற்கெனவே காமாலை வந்து போய்விட்டது, என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. வார்டுபாய் ஒருத்தன் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றான். தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை அண்ணாச்சி அவன் வீட்டு வாசலில் நின்றார்.

"பட்டாளத்துல வரிசையா நிப்பாட்டி ரெண்டு கையிலயும் ரெண்டு பேரு குத்துவான். ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். இங்க ஒவ்வொருத்தன் கையையும் கும்பிட்டுல்ல வாங்க வேண்டியிருக்கு" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். ஆனால் கும்பிட்டு வாங்குவதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மடங்காமல் நின்றது பேச்சியம்மா ஒருத்திதான். ஆபரேஷன் தியேட்டர் கழுவி, ரத்தத் துணிகளை அலசி, ஊசிகள் கிடக்கிற வாளியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறவள். எல்லாரையும்விட அவளுக்குத்தான் அந்த ஊசி தேவை. அண்ணாச்சி இம்புட்டுப் பாடு பட்டதே பாதி அவளுக்காகத்தான். சோழபுரத்துக்காரி. வருஷா வருஷம் பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி பூக்குழி இறங்குவாள். ஊசி என்றால் மட்டும் உடம்பு வெடவெடவென்று ஆடும்.

"தீயில எறங்குதவளுக்கு இது பெருசா, பேச்சி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"தீயி சுடும்னு சொல்லித்தானண்ணாச்சி எறங்குதோம். யாரும் சுடாதுன்னு சொல்லலியே."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததும் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஒண்ணும் வலிக்காது, ஒரு ஊசிதான், மரத்துப் போகும் என்றார்களாம். மரக்கவில்லை. கத்தியிருக்கிறாள். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டு, வலிக்காது, வலிக்காது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே அறுத்திருக்கிறார்கள். சொல்லும்போது பேச்சியம்மா அழவில்லை. அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்.

"வலிக்கும், பேச்சி. முள்ளு குத்துனாப்புல இருக்கும். ராத்திரி கை கனக்கும். அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒண்ணும் மறைக்கல."

அவள் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, கையை நீட்டினாள். அந்த ஆஸ்பத்திரியில் அவள் கை நீட்டியது அவருக்கு மட்டும்தான்.

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. அந்தச் சமயத்தில்தான் மருந்துக் கம்பெனி ரெப் ஒரு பையன் வந்தான். விடுபட்டுப் போன நர்ஸ் ஒருத்திக்கு அண்ணாச்சி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். குப்பியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏன் சார் இவ்வளவு நேரம் உருட்டுறீங்க?"

"உள்ள ஐஸ் கரையணும்ல."

பையன் முகம் செத்துவிட்டது. ஃபிரிட்ஜைத் திறந்தான். காமாலை மருந்து டப்பா மேலே, ஐஸ் பெட்டிக்குள், போலியோ சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் இருந்தது. போலியோ மருந்து எப்போதும் உறைந்தே இருக்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் வந்து வந்து எங்கள் மண்டையில் அடித்திருந்தார்கள். அது ஐஸில் இருந்தால்தான் நல்லது என்றால், அதைவிட அருமையான மருந்தை வேறு எங்கே வைப்பது? கரண்டு போனாலும் கெடாமல் இருக்க வேண்டும் என்று அண்ணாச்சியே தன் கையால் உள்ளே தள்ளி வைத்தது. இந்த மருந்தோ ஒரு தடவை உறைந்தால் செத்துப் போகுமாம். டப்பாவின் மேல் இங்கிலீஷில் போட்டிருந்தது. எங்கள் யாருக்கும் அதைப் படிக்கத் தோன்றவில்லை. குளிர்ச்சியைப் பற்றித்தான் எங்களுக்கு எல்லாம் தெரியுமே!

ரெப் அண்ணாச்சி கையிலிருந்த குப்பியை வாங்கிக் குலுக்கி மேஜையில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் அடியில் மாவு மாதிரித் தங்கி, மேலே வெறும் தண்ணீர் நின்றது. "போட்டதெல்லாம் வேஸ்ட் சார். முதல்ல இருந்து போடணும்" என்றான். அண்ணாச்சி குப்பியைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. புது மருந்து வாங்கித் தருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டார். "நடந்ததச் சொல்லி எதுக்கு கலவரம் பண்ணிக்கிட்டு? பூஸ்டர் ஊசின்னு சொல்லி எல்லாருக்கும் போட்டுருங்க அண்ணாச்சி" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பும் தெரியவில்லை. எல்லாரும் வந்திருப்பார்கள், பேச்சியம்மாவும் வந்திருப்பாள்.

அண்ணாச்சி கேட்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வேளையில், ஊசி போட்ட எல்லாரையும் மாடிப்படிக்குக் கீழே கூட்டினார். "நான் உங்களுக்குப் போட்டது தண்ணி. மருந்த ஐஸ்ல வச்சுக் கெடுத்தது நானு. உங்க உடம்புக்கு அதனால கெடுதல் ஒண்ணும் இல்ல, காவலும் இல்ல. மறுபடி மூணு ஊசி போடணும். வலிக்கும்" என்றார்.

எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டாளத்துல இதத்தான் கத்துக் கொடுத்தாகளா என்று ஒருத்தன். எங்க கையி என்ன பஞ்சுத் தலகாணியா, வச்சுக் குத்திப் பாக்கதுக்கு என்று ஒருத்தி. எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. அதைவிட அண்ணாச்சிமேல் வந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டுத் தொலைத்தால் என்ன?

அடுத்த சில வாரங்களில் முணுமுணுத்துக்கொண்டே பலபேர் வந்தார்கள். பேச்சியம்மா வரவில்லை. அவள் சத்தம்கூடப் போடவில்லை, அதுதான் பெரிய வேதனை.

"உங்க வாயால சொன்னீக பாருங்க, அதுல எனக்கு உங்க மேல ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா இனிமே கை நீட்ட மாட்டேன், அண்ணாச்சி. அந்தப் பயத்த மறுபடி தாங்க முடியாது எனக்கு."

அதற்கப்புறம் தினமும் காலையில் அவள் வாளியோடு போகும்போது அவர் அவள் கையைப் பார்ப்பார். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போவாள்.

ஒரு நாள் காலையில் அது நடந்துவிட்டது. தியேட்டர் வாளிக்குள் துணியோடு துணியாக ஒரு ஊசி கிடந்து, பேச்சியம்மாவின் விரலில் ஆழமாக ஏறிவிட்டது. விரலைப் பிடித்துக்கொண்டு ஊசி அறை வாசலில் வந்து நின்றாள். முந்தின நாள் ஆபரேஷன் செய்துகொண்டவரின் ரத்தத்தைப் பரிசோதித்தது நான்தான். காமாலைக் கிருமி இருந்தது. அண்ணாச்சிக்கு அதைச் சொல்ல ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு முதல் தடவையாக அவர் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

விரலைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். நோயாளிக்குக் காமாலை என்பதைச் சொன்னார். அவள் ஈரக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காமாலை ஊசி இப்பப் போட்டாக்கூடத் தடுக்கும், பேச்சி. போட்டுரவா?"

"வேண்டாம்." தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். "வாரது வரட்டும். வேண்டாம்ணாச்சி."

அவர் குழாயை இறுக்கி மூடினார். பிறகு சொன்னார். "சரி. டி.டி.யாவது போட்டுக்க. இரும்பு குத்தியிருக்குல்ல."

டி.டி. என்கிற டெட்டனஸ் ஊசி எல்லாருக்கும் பழகியது. ஆணி குத்தினால், நாய் பிறாண்டினால், கீழே விழுந்தால் டி.டி. அதை யாரும் ஊசியில் சேர்ப்பதுகூட இல்லை. பேச்சியம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி ஃபிரிட்ஜைத் திறந்தார். டி.டி. குப்பிகள் கதவில் இருந்தன. அவர் கை கதவுக்குப் போகவில்லை, புதுக் காமாலை மருந்து இருந்த நடுத் தட்டுக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். குப்பியை உருட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. வலிக்கும் என்று சொல்லாமல் அவர் ஊசி போட்டு நான் பார்த்தது அதுதான் முதல்.

அவள் போனதும், "என்ன காரியம் பண்ணிட்டீக?" என்றேன்.

"நெசத்தச் சொல்லிப் பாத்தாச்சு. அவ வேண்டாங்கா. சாகட்டும்னு விட்டுட்டு நான் எங்க போயி இருக்க, பாப்பா?"

வேண்டாம் என்றவளுக்குப் போட்டது தப்பு. முகாமில் அவளைப் பிடித்துக்கொண்டவர்களும் அவள் நல்லதுக்குத்தான் என்று சொல்லியிருப்பார்கள். போடாமல் விட்டிருந்தாலும் என் மனசு கேட்டிருக்காது. இத்தனை வருஷம் கழித்தும் இதில் ஒரு முடிவுக்கு வர என்னால் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து, டி.டி.யில் இரண்டாவது பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கூப்பிட்டுப் போட்டார். அப்போதும் பேச்சு இல்லை. அதற்குப் பிறகு அண்ணாச்சி மாறிப்போனார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார், "வலிக்காதுடா செல்லம்" என்பார்கள். அவர் குனிந்தபடி மருந்தை ஏற்றிக்கொண்டிருப்பார். திருத்தமாட்டார். 'வலிக்கும்' என்ற அந்தச் சொல்லைச் சொல்லுகிற யோக்கியதை தனக்குப் போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. மூன்று மாதமோ நான்கு மாதமோ கழித்து, வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றார். தம்பி வயல் இருக்கிறது, கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று காரணம் சொன்னார்.

"பேச்சிக்கு மூணாவது பாக்கி இருக்கு. நீதான் பாத்துக்கணும். என்ன சொல்லுவியோ, எனக்கு இனிமே பொய் வரல" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

டி.டி.யில் மூன்றாவது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி இருக்கும்போது ஒரு நாள் பேச்சியம்மாவே லேப்புக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள்.

"மூணாவதுக்கு நாள் வந்திருச்சுல்ல?"

"எந்த மூணாவது?" என்றேன்.

"காமாலை ஊசிதான். டி.டி.யா இருந்தா அண்ணாச்சி வலிக்கும்னு சொல்லியிருப்பாகள்ல. அன்னைக்கு வாயே தொறக்கல. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் பேசாம இருந்த?"

"அவிய பட்ட பாட்டப் பாத்தேன். பாவமா இருந்துச்சு."

புதிதாக வந்திருந்த நர்ஸைக் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, "வலிக்காதும்மா" என்றது. பேச்சியம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வலிக்கும்" என்றேன்.

கையை நீட்டினாள்.

அன்றைக்கே அவள் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தேன். கிருமி இல்லை. ஊசி தடுத்ததா, அல்லது முதலிலேயே ஒட்டாமல் போனதா என்று யாரால் சொல்ல முடியும்? அந்த ஞாயிற்றுக்கிழமையே தேவதானத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். அண்ணாச்சி வயலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். மேலேறி வந்து, பழக்கம் விடாமல் முதலில் என் கையைப் பார்த்தார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். பேச்சிக்குக் கிருமி இல்லை, மூன்றாவதும் போட்டாயிற்று, அவளாகவே வந்து போட்டுக்கொண்டாள், அவளுக்கு முதல் நாளே தெரியுமாம், நீங்கள் அவளை ஏமாற்றவே இல்லை அண்ணாச்சி, தெரிந்தேதான் கை நீட்டியிருக்கிறாள். இதைக் கேட்டதும் அவருக்குப் பாரம் இறங்கிவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

கிருமி இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. மிச்சத்தைக் கேட்கக் கேட்க வாடிவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"அப்ப ரெண்டு தடவையும் இன்ன ஊசின்னு தெரிஞ்சு, அம்புட்டுப் பயத்தையும் உள்ள வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கா" என்றார். "நான் வலிக்கும்னு ஒரு வார்த்த சொல்லலியே, பாப்பா."